யார் சுமையை இறக்கிற்று?

எஞ்சின்கள்மீது காதல் கொண்டோர் உலகெங்கும் உளர். பழைய நீராவி எஞ்சின் ஒன்று மீண்டும் ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டால், கடல் கடந்தும் வந்து சேருவர். மூச்சுவிடும் ஓசையைக் கேட்டே அது எந்த வகையைச் சேர்ந்தது என்று கூறுவர். எந்த ஆண்டில் பிறந்தது, எந்தப் பட்டறையில் வார்த்தது, எத்தனை சக்கரம், எந்தப் பாதையில் ஓடியது என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அவர்களிடம் பட்டியல் ஒன்று உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவான ஃபேரி குவீன் அதில் முதலிடம் பெறும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரியின் எக்ஸ் வகை எஞ்சின் அடுத்து வரும். குண்டுபோன்ற மூக்கின்மீது விண்மீன் பொறித்து, 1947 முதல் அகலப் பாதையில் விரைந்த டபிள்யூ. பி. வகைக்கு அன்பர் பலர். கிணற்றங்கரையில் இரண்டு பெருஞ்சக்கரங்களைச் சுழற்றியபடி நிதானமாக முழங்கிய லிஸ்டர் எண்ணெய் எஞ்சினை மறவாதோர் உண்டு. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளின் இதயத் துடிப்பில் மயங்கியோரும் உண்டு. புல்லட்டைப் பெற்றெடுத்த இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது; திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளையோ வாழ்ந்தது!

இவை ஏன் நினைவில் நிற்கின்றன? அழகு என்பார் ஒருவர். ஒலி என்பார் மற்றொருவர். வேகம், வலிமை, நெடுநாள் உழைப்பு, பிரித்து மாட்டுதற்கு எளிமை என்று காரணங்கள் அடுக்குவர் பிறர். அத்தனையும் உண்மையே. எனினும், அறிவு வழி நடப்போர் கேட்கவேண்டிய கேள்வி மற்றொன்று உண்டு. எஞ்சின் என்பது சுமை தூக்கப் பிறந்தது. அப்படியானால், அது யார் தோளிலிருந்த சுமையை இறக்கிற்று? இறக்கிய சுமையை வேறு யார் தோளிலேனும் ஏற்றிவைத்ததா?

இந்தக் கேள்வியை அளவுகோலாகக் கொண்டு அன்பர்களின் பட்டியலைப் பார்ப்போம். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பொறியும் உண்டு. அது ஆரணியில், பட்டுத் தறியின் தலைமீது அமர்ந்திருக்கிறது. அதனிடமும் வருவோம்.

முதல் சுமை தண்ணீர். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஊற்று நீர் பெருகி, தொழிலாளர் வெட்டும் குழியை நிரப்பிற்று. குதிரைகளைப் பூட்டி நீர் இறைத்தனர். ஆழம் மிகுந்தபோது குதிரைகளாலும் இயலவில்லை. இரும்புச் சாமான் வணிகரான தாமஸ் நியூகமன், 1712இல் நீராவிகொண்டு நீர் இறைக்கும் பொறியை நிறுவினார். அரை நூற்றாண்டுக்குப் பின், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்க்கும் இளைஞர் ஜேம்ஸ் வாட்டிடம், நியூகமன் பொறியின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அது 1763–64 குளிர்காலம்.

கெண்டியின் மூடி ஆடியதைப் பார்த்தார். நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வாட்டைப்பற்றிக் கதை கூறுவர். கதை இனிமையானதுதான். ஆனால் உண்மை அதைவிட இனிது. வாட் அளந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்குவதும், அதே உருளையை மீண்டும் குளிரவைப்பதுமாக, நீராவியின் பெரும்பகுதி வீணாவதைக் கணக்கிட்டார். 1765இல் விடை பிறந்தது: குளிரவைக்கும் வேலையைத் தனிக் கலத்திற்கு மாற்றிவிடு, உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும்! 1769இல் காப்புரிமை கிடைத்தது. வானிலிருந்து வந்த வரமன்று அது. பழுதுபார்ப்பவன் கையும் கணக்கிடும் மூளையும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருந்ததால் விளைந்த பயன்.

நம் நாட்டு நிலையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கருவி பிடித்தவனுக்கு ஏடு இல்லை. ஏடு பிடித்தவன் கருவியைத் தொடான். கையையும் மூளையையும் இரண்டு சாதிகளாகப் பிரித்துவைத்த நாட்டில், பட்டறையிலே பிறந்த எத்தனை அறிவு பட்டறையிலேயே மடிந்ததோ! ஜார்ஜ் ஸ்டீவன்சன் யார்? சுரங்கப் பொறிக்குக் கரி அள்ளிப் போட்ட தொழிலாளியின் மகன். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுத்தறிந்தவர். அவரும் மகன் ராபர்ட்டும் உருவாக்கிய ராக்கெட் எஞ்சின், 1829இல் ரெயின்ஹில் போட்டியில் வென்றது. மணிக்கு 29 மைல் வேகத்தை எட்டிய அந்த எஞ்சினின் கொதிகலனுக்குள்ளே 25 செம்புக் குழாய்கள் ஓடின. நெருப்பின் வெப்பம் அவ்வளவு குழாய்களின் வழியே நீரைத் தொட்டதால், ஆவி விரைந்து பெருகிற்று. பின்னர் வந்த நீராவி ரயில் எஞ்சின்கள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழித்தோன்றல்களே. இரவுப் பள்ளி கதவைத் திறந்ததால் உலகிற்கு ரயில் கிடைத்தது என்றால் மிகையாகாது.

ராக்கெட் வென்ற 27 ஆண்டுகளுக்குள் அந்த ஆவியின் முழக்கம் வட ஆர்க்காட்டு மண்ணில் கேட்டது. 1856 ஜூலை 1ஆம் நாள், தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா சாலைவரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிற்று. ஆரணியிலிருந்து பார்த்தால் பாலாற்றுக்கு அப்பால், அண்டையிலேயே அந்த நிலையம். கட்டை வண்டியில் நாட்கணக்கில் நகர்ந்த மூட்டைகள் மணிக்கணக்கில் பட்டினம் சேர்ந்தன. மாட்டின் கழுத்திலிருந்தும் மனிதன் தலையிலிருந்தும் பெருஞ்சுமை இறங்கிற்று, மறுப்பதற்கில்லை.

ஆனால் எஞ்சின் யாருடையது? ஃபேரி குவீன் கதை இதற்கு விடை கூறும். கிழக்கிந்திய ரயில்வேயின் 22ஆம் எண் கொண்ட அந்தச் சிற்றெஞ்சின், 1855இல் கல்கத்தா வந்தது. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே அஞ்சல் வண்டி இழுத்தது. 1857இல் கிளர்ச்சி வெடித்தபோது, அதை அடக்கச் சென்ற படைகளையும் அதுவே சுமந்து சென்றது. எஞ்சினுக்குப் பகை இல்லை, நட்பு இல்லை. நெம்புகோலைப் பிடித்தவன் திசைதான் எஞ்சினின் திசை. 1876–78 பெரும் பஞ்சத்தின்போதும் இதையே நாடு கண்டது. பஞ்சம் பட்ட ஊருக்குத் தானியம் கொண்டுவந்ததும் ரயில். விலை கூடிய இடம் நோக்கித் தானியத்தை அள்ளிச் சென்றதும் ரயில்.

1909இல் ஓய்வு பெற்ற ஃபேரி குவீன், காட்சிப் பொருளாக நெடுங்காலம் நின்றது. 1997இல், 88 ஆண்டுகளுக்குப் பின், டில்லியிலிருந்து ஆள்வாருக்கு மீண்டும் ஓடி உலகை வியக்கவைத்தது. அடுத்த ஆண்டே கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. அதன் உடன்பிறப்பான 21ஆம் எண் எஞ்சினை 2010இல் ஓடச் செய்தோர் யார் தெரியுமா? பெரம்பூர்ப் பட்டறைத் தொழிலாளர். வரைபடமும் உதிரிப் பொருளும் எளிதில் கிடைக்காத பழம்பொருளை, கண்ணால் அளந்து, கையால் கடைந்து, மீண்டும் மூச்சுவிடச் செய்தனர். அன்பர்கள் எஞ்சினைப் படம்பிடித்தனர். அந்தக் கைகளைப் படம்பிடித்தோர் எத்தனை பேர்?

இன்னொன்றையும் இங்கே எண்ணவேண்டும். ரயில் பெட்டி, அருகருகே அமராதவர்களை அருகருகே அமர்த்திற்று. எஞ்சினுக்குச் சாதி தெரியாது. பயணச்சீட்டில் கோத்திரம் எழுதப்படவில்லை. ஆனால் வண்டி நின்றதும் மனிதன் தன் வேலையைக் காட்டினான். நிலையத்து உணவு விடுதியிலே பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம்! ஆவியின் ஆற்றலை ஆண்ட கம்பெனி, ஆசாரத்தின் ஆற்றலுக்கு அடங்கிக் கிடந்தது. தந்தை பெரியாரும் இயக்கத் தோழர்களும் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், 1941இல் அந்தப் பிரிவினை நீங்கிற்று. எஞ்சின் பாதி வழிதான் இழுத்துச் செல்லும். மீதி வழி மனிதன் நடக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீலகிரிக்குச் செல்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகமண்டலத்திற்கு 1908இலும் பாதை திறந்தது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். பன்னிரண்டடி முன்னே செல்ல ஓரடி மேலே ஏறவேண்டிய செங்குத்து. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் அவ்வளவு ஏற்றம் ஏறாது. ஆகவே, நடுவிலே பற்களுள்ள இரும்புப் பாளங்கள் இரண்டை இணையாகப் பதித்தனர். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். இந்த முறையை வகுத்தவர் ரோமன் அப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும். ஒரு பல் விடுபடும் நேரத்தில் மற்றொரு பல் பிடித்திருக்கும்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உருவான எக்ஸ் வகை எஞ்சினின் சிறப்பு யாதெனில், ஆவியை அது இருமுறை வேலை வாங்குகிறது. மலையேற்றத்தில் முதல் உருளைகளில் புகுந்து சக்கரத்தைச் சுழற்றிய ஆவி, வீணே வானிற் போவதில்லை. அடுத்த உருளைகளில் புகுந்து பற்சக்கரத்தையும் சுழற்றிய பின்னரே வெளியேறுகிறது. சிக்கனம், பாதுகாப்பு, வலிமை மூன்றையும் ஒருங்கே தந்த அமைப்பு அது. வண்டியை முன்னின்று இழுக்காமல், பின்னின்று தள்ளிச் செல்லும். பெட்டிதோறும் தடைபோடும் தொழிலாளி ஒருவர் நின்று, எஞ்சின் ஒலிக்கும் குறிப்பறிந்து தடையை இயக்குவார். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

எக்ஸ் எஞ்சினைக் கண்டு மயங்குவோர், அதன் வயிற்றுக்குத் தீனி போட்டவரை எண்ணிப் பார்த்ததுண்டா? கரியெஞ்சினின் மேடை என்பது நெருப்பு வாய்க்கு முன்னே நிற்கும் ஒரு சிறு பலகை. முகத்திலே அனல், முதுகிலே மலைக்காற்று, கையிலே மண்வெட்டி. குகைக்குள் நுழைந்தால் புகை திரும்பி நெஞ்சை அடைக்கும். கரி அள்ளிப் போடும் கை நின்றால் எஞ்சின் நின்றுவிடும். பயணியின் சுமை இறங்கியது உண்மை. அந்தச் சுமையில் ஒரு பங்கு, கரி அள்ளும் தொழிலாளியின் தோளில் ஏறியது என்பதும் உண்மை.

அந்தத் தோள்கள் ஒருநாள் நிமிர்ந்தன. தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி, ஆட்குறைப்பை அறிவித்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்பைப் பறிக்க முற்பட்டது. பொன்மலை, நாகப்பட்டினம், போத்தனூர்ப் பட்டறைகள் கொதித்தன. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. எஞ்சின்கள் நின்றன. அப்போதுதான், எஞ்சினை ஓட்டுவது கரியா, கையா என்பது கம்பெனிக்குத் தெரிந்தது. போராட்டத்தின் முன்னணியில் நின்ற சிந்தனைச் சிற்பி சிங்காரவேலருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தனர். பின்னர் தண்டனை குறைக்கப்பட, 1930இல் அவர் விடுதலையானார். குடி அரசு இதழில் அறிவியலை எளிய தமிழில் எழுதி இளைஞர்க்கு விளக்கியவரும் அவரே. அறிவியலும் தொழிலாளர் உரிமையும் வெவ்வேறு பாடங்களல்ல என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. 1946 செப்டம்பரில் அதே பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அந்தப் பொன்மலைப் பட்டறைதான், நீலகிரிக்குப் புதிய எக்ஸ் எஞ்சின்களை நம் காலத்திலே படைத்தது. 2011 முதல் அடுத்தடுத்து வெளிவந்த அந்த நான்கு எஞ்சின்களும் கரிக்குப் பதில் எண்ணெயை எரிப்பவை. வின்டர்தூரில் பிறந்த அறிவு, திருச்சிராப்பள்ளியில் மறுபிறப்பெடுத்தது. மண்வெட்டி மறைந்தது, கரி அள்ளும் சுமையும் இறங்கிற்று. எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய மதிப்புரை வேறில்லை.

ரயிலை விட்டு இறங்கி, ஆரணிப் பக்கத்து வயலுக்கு வருவோம். விழுப்புரம்–காட்பாடிப் பாதை ஆரணி ஊருக்குள் நுழையவில்லை. ஆரணி சாலை என்னும் பெயருடன் களம்பூரில் நின்று, கையசைத்துச் சென்றுவிட்டது. ஆகவே, ரயில் எஞ்சினைவிட இவ்வட்டார மக்களோடு நெருங்கிப் பழகியது கிணற்றங்கரை எஞ்சின்தான்.

அதற்குமுன் கிணற்றில் என்ன இருந்தது? கவலை. பெயரே பொருத்தம்! மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மீண்டும் பின்னோக்கி ஏறினால் சால் நீருக்குள் போகும். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை, முன்னும் பின்னும், முன்னும் பின்னும்! மாடு வாங்க வழியில்லாதவன் ஏற்றமரத்தின்மீது ஏறி நடந்தான். ஒரு காணி நனைய ஒரு குடும்பமே நனைந்தது வியர்வையில்.

சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் இணைத்துக் கிணற்று நீர் இறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முனைந்தார். கைத்தறி நெசவைச் சீர்செய்யச் சேலத்தில் நெசவுப் பட்டறை அமைத்துப் பார்த்தவரும் அவரே. பின்னாளில் வந்த லிஸ்டர் வகை எஞ்சின், உழவனின் உள்ளத்தில் இடம் பிடித்தது. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் பிறந்த எஞ்சின் அது. ஒரே உருளை, ஐந்து ஆறு குதிரைத் திறன், நிமிடத்திற்கு 600, 650 சுற்று மட்டுமே. மெதுவாகச் சுழல்வதால் தேய்மானம் குறைவு. கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பலாம், மின்சாரம் வேண்டியதில்லை. திறந்து பார்த்தால் உறுப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊர்ப் பட்டறைக்காரர் பிரித்து மாட்டிவிடுவார். குஜராத்தின் ராஜ்கோட்டில் அதன் படியெடுப்புகள் ஏராளமாக உருவாயின. மூல எஞ்சின் போனபின்னும் அதன் வடிவம் வாழ்ந்தது. அன்பர்கள் அதன் ஒலியைப் புகழ்வர். உழவனோ, பழுதானால் பட்டினம் போகவேண்டாம் என்ற ஒன்றுக்காகவே அதைப் புகழ்ந்தான். மக்கள் கைக்கு அடங்கும் பொறியே மக்கள் மனத்தில் நிற்கும்.

பிறகு மின்சாரம் வந்தது. 1937இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினர். ஊர்தோறும் மோட்டார் பாடிற்று, கவலை ஒழிந்தது, மாடும் மனிதனும் மூச்சுவிட்டனர். ஆனால் கிணறு? ஆழ்ந்தது, மேலும் ஆழ்ந்தது. பணமுள்ளவன் ஆழ்துளை போட்டான். பக்கத்து ஏழையின் கிணறு வற்றிற்று. ஒரு தோளிலிருந்து இறங்கிய சுமை, கணக்கின்றி இறைத்தால் நிலத்தின்மீது ஏறும். நிலத்திலிருந்து ஏழையின் தோளுக்கே திரும்பும். எஞ்சினைக் குறைகூறிப் பயனில்லை. எவ்வளவு இறைப்பது, யார் இறைப்பது என்பதை எஞ்சின் தீர்மானிக்காது.

இனி, ஆரணித் தறிக்கு வருவோம்.

பட்டுச்சேலையில் பூ எப்படிப் பூக்கிறது? பாவிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளில், இந்த இழை எழவேண்டும், அந்த இழை படுத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாடா ஓட்டத்திற்கும் கட்டளை பிறக்கவேண்டும். முற்காலத்தில், அடை என்று வழங்கிய கயிற்றுக் கட்டுகளைத் தறிக்குப் பக்கத்தில் இருப்பவர் வரிசை பிறழாமல் இழுத்துக் கொடுக்க, நெய்பவர் நாடா ஓட்டுவார். வரிசை ஒன்று பிறழ்ந்தால் மயிலின் கழுத்து முறியும். நாள் முழுதும் கயிறு இழுக்கும் அந்த வேலை, பெரும்பாலும் பிள்ளைகளுக்கே வாய்த்தது.

பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் அதே கதை. அங்கும் கயிறு இழுத்தவை பிஞ்சுக் கைகள். 1752இல் அந்நகரில் நெசவாளி மகனாகப் பிறந்த ஜோசப் மாரி ஜக்கார்டும் சிறுவனாக இருந்தபோது அந்த வேலை செய்தவர் என்பர். கயிறு இழுக்கும் சிறுவனை எழுப்பி அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் துளையிட்ட அட்டையை அமர்த்தியதே அவர் செய்த புரட்சி. அவருக்கு முன்னே, புஷோன் 1725இல் துளையிட்ட காகிதத்தைக் கையாண்டார். ஃபால்கோன் அட்டைகளைக் கோத்தார். வோகன்சோன் பொறியைத் தறியின் தலைமீது ஏற்றினார். முன்னோர் மூவரின் முயற்சியையும் ஒன்றுசேர்த்து, 1804இல் ஜக்கார்டு முழுமையாக்கினார். எந்த எஞ்சினும் ஒரு தனி மேதையின் கனவில் குதித்ததில்லை. அறிவு கைமாறிக் கைமாறி வளர்ந்ததே உண்மை.

அதன் இயக்கம் வியக்கத்தக்க எளிமை உடையது. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும்; கொக்கி நேரே நிற்கும்; தூக்கும் சட்டம் கொக்கியைப் பற்றி இழையை மேலே எழுப்பும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே சொற்களால் மாங்காயும் மயிலும் அன்னமும் சேலையில் பூக்கின்றன!

1839இல் லியோன் நெசவாளர், ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு ஆன அட்டைகள் 24,000. அச்சோவியமோ என்று கண்டோர் மயங்கிய அந்தப் பட்டுப் படம் ஒன்றை, லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வாங்கி வைத்திருந்தார். விருந்தினர்க்குக் காட்டி மகிழ்ந்தார். ஏன்? அவர் கனவுகண்ட பகுப்பாய்வு எஞ்சின், அதே அட்டைகளால் கட்டளை பெற்றுக் கணக்குப் போடவேண்டிய எஞ்சின். அட்டை இழையை ஆளமுடியுமானால் எண்ணையும் ஆளமுடியும் என்று அவர் துணிந்தார். 1843இல் ஏடா லவ்லேஸ் என்னும் பெண்ணறிஞர், அந்த எஞ்சினை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டு விளக்கம் எழுதினார். அது செய்யவேண்டிய கணக்கின் படிமுறையையும் வரைந்து காட்டினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது!

பாபேஜ் அந்த எஞ்சினைக் கட்டி முடிக்கவில்லை. அவர் வரைந்த மற்றொரு கணக்கு எஞ்சினை, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் அவர் வரைபடத்தின்படியே கட்டிப் பார்த்தது. அது பிழையின்றிக் கணக்கிட்டது. இதற்கிடையே, துளையட்டை முறை 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புகுந்தது. கணினியின் பிள்ளைப்பருவம் முழுவதும் அதனோடு வாழ்ந்தது. ஆரணித் தறியின் தலைமீது தொங்கும் அட்டைச் சரம், இன்று இளைஞர் கையிலிருக்கும் கணினிக்குப் பாட்டன் முறை. இப்போது மின்னணு ஜக்கார்டு வந்து, கணினியே பூவின் வடிவத்தைத் தறிக்கு ஊட்டுகிறது. பாட்டன் வீட்டுக்குப் பேரன் திரும்பி வந்தான் என்று கொள்ளலாம்!

எஞ்சின் அன்பர்களின் பட்டியலில் இதற்கு இடமில்லையே, ஏன்? புகை இல்லை, முழக்கம் இல்லை, தண்டவாளம் இல்லை. ஆனால் நம் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். பிஞ்சுக் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்ட பொறி அல்லவா இது!

வாங்கிக்கொண்டதா, முழுவதும்? இங்கேதான் நெஞ்சு சுடுகிறது. லியோனில் சிறுவன் எழுந்துபோன பின்பும், நெசவாளியின் கூலி தாழ்ந்தே கிடந்தது. கூலிக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று 1831இல் அவர்கள் எழுந்தபோதும், 1834இல் மீண்டும் எழுந்தபோதும், படைகொண்டு அடக்கினர். நம் நாட்டில் கதை இன்னும் கொடிது. அடை இழுத்த இடம் காலியாயிற்று. ஆனால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குக் கரையோரத்து நாடாவை வாங்கிப் போட மற்றொரு கை வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மீண்டும் பிள்ளை அமர்ந்தது! பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் காலில் விலங்காயிற்று. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் இவ்வாறு அமர்த்தப்பட்ட கொடுமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்த பின்னரும் அது தொடர்ந்தது.

பிள்ளை பாதிநாள் பள்ளியில் இருக்கட்டும், மீதிநேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று 1953இல் திட்டமொன்று வந்தது நினைவிருக்கும். ராஜாஜி கொணர்ந்த அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை எல்லாத் துறையிலும் தடுத்தது, நன்று. ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சாளரத்தைத் திறந்தும் வைத்தது. எந்தக் குடும்பத்துப் பிள்ளை உதவப்போகிறது? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையா? தறிக்காரர் வீட்டுப் பிள்ளையன்றோ! கதவைத் தாழிட்டுச் சாளரத்தைத் திறந்துவைத்தால் கள்வனுக்குக் கவலையில்லை.

பொறி வந்தால் தறி சாகும் என்று அஞ்சுவோர் உளர். அச்சம் பொய்யன்று. கைத்தறிக்கென்று சில வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் இயற்ற நேர்ந்ததே அந்த அச்சத்தால்தான். எனினும், பொறியை உடைப்பதும் பொறியைத் தொழுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். பொறியைப் புரிந்துகொள்வதும், அதன் பயனில் பங்கு கேட்பதுமே அறிவு. கோர்வைக்கு உதவும் கருவி வரட்டும். மின்னணு ஜக்கார்டு வரட்டும். ஆனால் அது கடன் கொடுத்தவன் உடைமையாக வராமல், நெசவாளர் கூட்டுறவின் உடைமையாக வரட்டும். பூ வடிவத்தைக் கணினியில் வரையும் பயிற்சி, தறிக்காரர் மகளுக்கும் மகனுக்கும் பள்ளிப் படிப்போடு கிடைக்கட்டும். வாட்டிடம் சேர்ந்திருந்த கையும் மூளையும், ஆரணியிலும் சேரட்டும்.

எஞ்சின்மீது காதல் கொண்ட இளைஞர்களே! நீலகிரிக்குச் செல்லுங்கள், பெரம்பூருக்குச் செல்லுங்கள், பழைய புல்லட்டின் துடிப்பைக் கேட்டு மகிழுங்கள். அறிவின் வெற்றியைக் கொண்டாடுவதில் தவறில்லை. கொண்டாடும்போது, இது யார் சுமையை இறக்கிற்று என்ற கேள்வியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பிறகு ஒருநாள் ஆரணிக்கும் வாருங்கள். தறியின் தலைமேல் அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும். நெய்பவரின் பக்கத்து இடத்தைப் பாருங்கள். அங்கே பிள்ளை ஒன்று அமர்ந்திருந்தால், ஜக்கார்டு 1804இல் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். அந்த இடம் காலியாக இருந்து, பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தால், அந்த எஞ்சினை உங்கள் பட்டியலின் தலைப்பில் எழுதுங்கள்.